நான்கு லட்சத்தில் ஒரு பங்கு

இரவு ஒன்றரை மணி.
உலான்பத்தாருக்கு எண்ணூறு கிலோமீட்டர் மேலே
ஒரு பெட்டி கடந்துபோகிறது.
கீழே மைனஸ் முப்பத்தொன்று.

பகலில் பார்க்கும் கண்கள் நிறைய உண்டு.
ஆனால் புகை எழுவது ராத்திரியில்.
மலைகளுக்கு நடுவே குளிர்
சட்டிக்கு மூடிபோலப் படுத்துக்கொள்ள
வடசரிவில் கம்பளிக் கூடாரங்கள்
ஆளுக்கொரு தகரக்குழாய் நீட்டி
மூச்சுவிடுகின்றன.
அதிலொன்று துல்மாவுடையது.

துல்மாவின் வேலை கழித்தல்.
நிலா அனுப்புவதே கொஞ்சம்,
சூரியன் தருவதில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு.
பனியில் பட்டுத் திரும்பியதைக் கழி.
தெருவிளக்கைக் கழி.
அனல்மின் நிலையத்துச் சிவப்பு விளக்கைக் கழி.
வானம் தன்பாட்டுக்கு மினுங்கும்
அந்த மெல்லிய பச்சையையும் கழி.
மேகம் வந்துவிட்டதா,
மொத்தத்தையும் அடித்துவிட்டு
உப்புத் தேநீர் குடி.
கடைசியில் மிஞ்சுவது
புகையில் கால்தடுக்கிய நிலவொளி.
நாலாபக்கமும் சிதறியதில்
வழிதவறி மேலே ஏறிய ஒரு பொட்டு.
அதற்கு ஓர் எண் உண்டு.
முந்தாநாள் புள்ளி ஒன்பது.
நேற்று ஒன்றைத் தாண்டிவிட்டது.

தண்ணீர்க் கொட்டகை கோம்போ
அவள் கைபேசியை எட்டிப்பார்க்கிறார்.
என் வீட்டைக் காட்டேன்.
ஒரு சாம்பல் சதுரத்தைக் காட்டுகிறாள்.
இதற்குள் நீங்கள், நான்,
பள்ளிக்கூடம், டயர் கடை எல்லாம்.
டயரை எரிப்பவன் யாரென்று தெரியாதா?
தெரியாது.
அப்போது உன் நிலா ஒன்றும் தெரியாதது என்று
குழாயைத் திறந்து
இருபது லிட்டர் நிரப்பித் தந்தார்.
காசு வாங்கும்போது மட்டும் சிரித்தார்.

வளர்பிறையில் முதல் வாரம்
பெட்டி வருவதற்குள் நிலா இறங்கிவிடும்.
கோப்பு கறுப்பாக வரும்.
நிலாவுக்கும் மாதத்துக்கும் அங்கே ஒரே சொல், சர்.
திங்கள் என்று சொல்லும் நமக்கு
அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.
துல்மாவுக்கு மட்டும்
மாதம் ஏறக்குறைய பாதிதான்.

வருஷத்தின் கடைசி இரவுக்குப் பிதூன் என்று பெயர்.
மூடியது என்று பொருள்.
அமாவாசை.
அன்று அரைவயிறாய்ப் படுத்தால்
வருஷம் பூராவும் பசி.
எல்லார் வீட்டிலும் ஆட்டிறைச்சி பொதிந்த பூஸ்
நூறு, இருநூறு என்று வெந்துகொண்டிருக்கும்.
எந்த அடுப்பும் அணையாது.
இவளும் மூன்றாவது முறையாகக் கரிக்கட்டியைத் திணித்தாள்,
நான்காவது முறை
எண்ணவில்லை.

வாசல் நிலைக்கு மேலே
மூன்று பனிக்கட்டித் துண்டுகள் வைத்தாள்.
இரவில் தேவி வருவாளாம்,
கோவேறு கழுதைமேல்.
அதற்குத் தாகம் எடுக்குமாம்.
ஒன்றரைக்கு மற்றதும் வந்திருக்கும்.
அதற்கு வேண்டியதை வைக்க
துல்மாவிடம் ஒன்றுமில்லை.

விடுமுறை முடிந்து அலுவலகம்.
குளிர்காலத்தின் அடர்த்தியான புகை அன்றுதான்,
அது தன் தொண்டைக்குத் தெரியும்.
திரையில் அந்த நாளுக்கு எதிரே
காலிக் கட்டம்.
குறிப்புப் பத்தியில்
நிலா இல்லை என்று தட்டினாள்.
பொய் இல்லை.
விரலை எடுக்கத்தான் நேரமாயிற்று.

வீடு திரும்பியபோது
துண்டுகள் நிலைமேல் அப்படியே இருந்தன,
கழுதை குடிக்கவில்லை.
கையுறையைக் கழற்றி ஒன்றை எடுத்தாள்.
மேல்புறம் முழுக்கச் சாம்பல் நிறம்,
சிம்னிக் கண்ணாடியில் படிவதுபோல.
நகத்தால் ஒரு கோடு கீறினாள்.
கோட்டுக்குள் மட்டும் பனி தெளிவாக இருந்தது.
நகத்தடியில் ஒட்டியது எவ்வளவு,
அதில் தன் பங்கு எவ்வளவு,
கழிக்கத் தெரியவில்லை.

துண்டைத் திருப்பி,
சுத்தமான பக்கம் தெருவைப் பார்க்க வைத்தாள்.
பிறகு யோசித்து
மறுபடி திருப்பினாள்.
உள்ளே குளிர்ந்துகொண்டிருந்தது.
அடுப்பு மூட்டப் போனாள்.